மணம்: அதற்கே உரியது

இருபத்திரண்டு வருஷம்
ஒரே படிவத்தை நிரப்பினேன்.
தோற்றம்: வெளிர்மஞ்சள் திரவம்.
கரைதிறன்: நீரில் கரையாது.
மணம்: அதற்கே உரியது.
கீழே கையெழுத்து, ச. அம்சவேணி, தரக்கட்டுப்பாடு.
அதற்கே உரியது என்றால் என்னவென்று
ஒரு லாரி டிரைவர்கூடக் கேட்டதில்லை.

சிப்காட்டில் ஆலையை மூடியபோது
எனக்கு நாற்பத்தெட்டு.
கணக்கு முடித்துக் கொடுத்தார்கள்,
கூடவே ஒரு சுவர்க்கடிகாரம்.
மூக்கு அதற்கு முன்பே போயிருந்தது.
எந்த வருஷம் என்று தெரியாது.
ஒருநாள் பால் அடிப்பிடித்துக் கருகி
பக்கத்து வீட்டு ரெஜினா ஓடிவந்து அணைத்தாள்.
நான் அடுப்படியில்தான் நின்றிருந்தேன்.
மஞ்சக்குப்பம் டாக்டர்
காரணம் எதுவாகவும் இருக்கலாம் என்றார்.
எதுவாகவும்.
அவருக்கும் ஒரு படிவம் இருக்கிறது போல.

இப்போது புதுச்சேரி,
மிஷன் வீதிக்குப் பின்னால் மாடியில்
ஒரு விளம்பரக் கம்பெனி.
மகளின் பழைய லேப்டாப்பில் ஆறு மாதம் படித்து வாங்கிய சான்றிதழ்,
பழையதில் பாதிச் சம்பளம்,
கழுத்தில் 'பயிற்சியாளர்' என்று ஓர் அட்டை.
மேலதிகாரி ஜோவிதாவுக்கு இருபத்தாறு.
மேடம் என்று அவளை நான் கூப்பிட
மேடம் என்று என்னை அவள் கூப்பிட
அப்புறம் இரண்டு நாள்
யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

முதல் வேலை, வெட்டிவேர் ஊதுபத்தி.
பெட்டியின் முதுகுக்கு நாலு வரி.
"மோந்து பார்த்துட்டு எழுதுங்க"
மேசையில் ஒரு கட்டு வைத்துவிட்டுப் போனாள்.
பழுப்பு. எட்டு அங்குலம்.
எரிந்து முடிய முப்பத்தெட்டு நிமிஷம்.
எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.
சொல்லவில்லை.
நேர்காணலில் கேட்ட எதிலும் மூக்கு இல்லை.

கட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.
பக்கத்தில் ஒரு நர்ஸ்:
"நைட் டூட்டி முடிஞ்சு தலைக்குத் தண்ணி ஊத்துற மாதிரி."
கண்டக்டர்:
"பழைய பீரோவைத் திறந்தா வருமே, அது. சில்லறை இருக்கா?"
தவளக்குப்பத்தில் ஏறிய பள்ளிக்கூடப் பையன்:
"பென்சில் சீவுன மாதிரி ஆன்ட்டி. ஆனா ஈரப் பென்சில்."
வீட்டில் தேவநாதன்
"நல்லாத்தான் இருக்கு" என்றார்.
பெண் பார்க்க வந்த அன்றும்
அதைத்தான் சொன்னார்.

ஆய்வகத்தில்
நாலு அளவீடு நாலு விதமாய் வந்தால்
கருவியைக் கழற்றிப் பார்ப்போம்.
நாலும் சரியாக இருக்கலாம் என்று
எடுத்துக்கொள்ள எனக்கு ஒரு ராத்திரி ஆயிற்று.

ஈரப் பென்சிலை எழுதினேன்.
பீரோவை எழுதினேன்.
கடைசி வரியைக் கை தானாகப் போட்டது.
மணம்: அதற்கே உரியது.

ஜோவிதா படித்தாள், திரும்பவும் படித்தாள்.
பென்சிலை அடித்தாள்.
பீரோவைச் சுற்றி ஒரு வட்டம்.
"இந்தக் கடைசி வரி எங்க பிடிச்சீங்க?"
பழைய கம்பெனியில் என்றேன்.
பொய் இல்லை.

முத்தியால்பேட்டை வாடிக்கையாளருக்கு அது பிடிக்கவில்லை.
தெய்விகம் என்ற சொல் வேண்டுமாம்,
இரண்டு முறை.
இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன்.
பீரோ மட்டும் எப்படியோ தப்பியது.
அடிவிளிம்பில் பொடி எழுத்தில்
எரியும் நேரம் முப்பத்தெட்டு நிமிஷம் என்று சேர்த்தேன்.
அதில் யாரும் கை வைக்கவில்லை.

சாயங்காலம் முள்ளோடை தாண்டி
தென்பெண்ணை தாண்டி
கடலூரில் பஸ் மாறி சிதம்பரம் ரோடு.
ஓ.டி.க்கு அப்புறம் இருட்டு,
வெளியே எதுவும் அடையாளம் தெரியாது.
முன் சீட்டில் ஒருவர் கைக்குட்டையை எடுப்பார்.
பிறகு ஒரு துப்பட்டா, ஒரு முந்தானை,
தூங்கும் குழந்தையின் முகத்தில்
அம்மாவின் உள்ளங்கை.
பஸ் முழுக்க மூக்கைப் பொத்தியதும்
பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவேன்.
அடுத்தது என் ஸ்டாப்.